முந்நூற்றுப் பதினோரு பேர் நலம்

ஆம்பூர்,
வெள்ளிக்கிழமை, மதியச் சாப்பாட்டு மணி அடித்த பிறகு.

ஆண்டவருடைய கிருபை கண்ணுக்கு இமைபோல் காக்க வேண்டிய என் அன்புத் தம்பி மனைவி டாக்டர் எப்சிபாவுக்கு, நாத்தனார் ஷர்மிளா எழுதிக்கொள்வது.

இங்கே நானும் அம்மாவும் சுகம். பாலாற்றில் தண்ணீர் இல்லை, தெருக் குழாயிலும் இல்லை, மற்றபடி குறை ஒன்றும் இல்லை. பெங்களூரில் குளிர் ஜாஸ்தி என்று தம்பி இன்பராஜ் சொன்னான். காதை மூடிக்கொண்டு போ. மூன்று மாதப் பயிற்சியில் பத்து நாள் ஓடிவிட்டது, மீதியும் ஓடிவிடும். நீ என் எண்ணைத் தடுத்து வைத்திருப்பதில் எனக்குத் துளியும் வருத்தமில்லை. உன் இடத்தில் நான் இருந்திருந்தால் எண்ணோடு சேர்த்து ஆளையும் தடுத்திருப்பேன். அதனால்தான் இந்தக் கடிதத்தைக் கையால் எழுதி, நாளைக் காலை ரயிலில் உன்னைப் பார்க்க வருகிற உன் வீட்டுக்காரன் சட்டைப் பையில் வைத்து அனுப்புகிறேன். அவனைக் கோபிக்காதே, அவன் வெறும் தபால்காரன்.

எனக்கு ஒரே ஒரு உதவி வேண்டும். உன் ஆய்வுக் கட்டுரையின் அடியில் எங்கள் கம்பெனிப் பெண்கள் போட்ட முந்நூற்றுப் பன்னிரண்டு கருத்துகளையும் அந்த மருத்துவப் பத்திரிகை ஆசிரியர் வருகிற திங்கட்கிழமை அழிக்கப்போகிறாராம். அவரை ஒரு வாரம் பொறுக்கச் சொல். அந்தக் குப்பைக்கு நடுவில் ஒரு பெண் உண்மையாகவே உடம்பு சரியில்லாமல் உட்கார்ந்திருக்கிறாள். அவள் யார் என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. பக்கத்தை அழித்துவிட்டால் அவளும் போய்விடுவாள். இது எப்படி நடந்தது என்று முதலிலிருந்து சொல்கிறேன். கோபம் வருகிற இடங்களில் நிறுத்தி, தண்ணீர் குடித்துவிட்டுப் படி.

நீ பெங்களூருக்குக் கிளம்புவதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, கோவிலிலிருந்து வந்து எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தோமே, அன்றைக்குத்தான் எல்லாம் ஆரம்பம். நான்கு வருடம் வேனில் ஊர் ஊராகப் போய், பதினோரு ஷூ கம்பெனி வாசலில் நின்று, கருப்பைவாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனைக்குப் பெண்கள் ஏன் வர மறுக்கிறார்கள் என்று ஒவ்வொருத்தியாகக் கேட்டு நீ எழுதிய கட்டுரை வெளிவந்துவிட்டது என்று போனில் காட்டினாய். பக்கத்தில் கலர் கலராக ஒரு வளையம், அதற்கு நடுவில் 2 என்று ஒரு எண். உலகத்தில் எத்தனை பேர் இந்த ஆராய்ச்சியைக் கவனித்தார்கள், எங்கெங்கே பேசினார்கள் என்பதற்கு அதுதான் அளவு என்றாய். "ரெண்டா? பரவாயில்லையே, யாரு அந்த ரெண்டு பேரு?" என்று அம்மா கேட்டார்கள். "ஒண்ணு நான், அத்தை" என்றாய். இன்பராஜ் மீன் முள்ளைத் தட்டு ஓரத்தில் வைத்துவிட்டுக் கையைத் தூக்கினான். வேனுக்குப் பண உதவி செய்கிறவர்கள் அதை இன்னும் இரண்டு வருடம் ஓட்டலாமா, நிறுத்தலாமா என்று முடிவெடுக்கப் போகிறார்கள், அவர்கள் கொடுத்த படிவத்தில் இந்த எண்ணை எழுத ஒரு கட்டம் இருக்கிறது என்றும் சொன்னாய். சொல்லிவிட்டு, "பரவால்ல அண்ணி, விடுங்க" என்று குழம்புச் சட்டியைப் பார்த்துக்கொண்டே சொன்னாய். பதினெட்டு வருடமாக ஆயிரத்து இருநூறு பெண்கள் வேலை செய்கிற இடத்தில் நலன் அலுவலராக உட்கார்ந்திருக்கிறவள் நான். 'பரவாயில்லை' என்பதில் எத்தனை வகை உண்டு என்று எனக்குத் தெரியும். இது அழுகைக்கு முந்தைய வகை.

சரி, இதை நாம் உயர்த்தாமல் யார் உயர்த்துவது என்று மறுநாள் காலை கம்பெனிக்குப் போனதும் எட்டு லைன் சூப்பர்வைசர்களும் இருக்கிற வாட்ஸ்அப் குழுவில் உன் கட்டுரையின் இணைப்பைப் போட்டேன். "நம்மைப் போன்ற பெண்களைப் பற்றியது. எல்லோரும் அவசியம் திறந்து பார்க்கவும். கருத்து எழுதவும்." இவ்வளவுதான் எழுதினேன். எம்.ஏ. சமூகப்பணி படித்தவள், அனுப்புவதற்கு முன்னால் நானாவது கட்டுரையைப் படித்தேனா என்று கேட்பாய். தலைப்பைப் படித்தேன். உன் பெயரைப் படித்தேன். இன்னொரு தடவை வளையத்தைப் பார்த்தேன். உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன், அவ்வளவுதான் படித்தேன். பிறகு குடோனில் ஒரு பெண்ணுக்கு மயக்கம் என்று கூப்பிட்டார்கள், போய்விட்டேன்.

எங்கள் கம்பெனியைப் பற்றி உனக்கு ஒன்று தெரியாது, எப்சி. நீ எங்களிடம் வேனோடு வந்திருக்கிறாய், ஆடிட்டுக்கு வந்ததில்லை. வெளிநாட்டிலிருந்து செருப்பு வாங்குகிறவன் வருடத்துக்கு இரண்டு முறை ஆள் அனுப்பி, பெண்களைத் தனியாகக் கூப்பிட்டு, தண்ணீர் வருகிறதா, நெருப்புப் பிடித்தால் ஓட வழி இருக்கிறதா, யாராவது திட்டுகிறார்களா என்று கேட்பான். அதற்கு ஒரு வாரம் முன்னாலிருந்தே எல்லா லைனிலும் பதில் மனப்பாடம் நடக்கும். யார் கேட்டாலும், எதைக் கேட்டாலும், எல்லாம் நன்றாக இருக்கிறது. அலுவலகத்திலிருந்து இங்கிலீஷில் ஒரு இணைப்பு வந்தால் அது ஆடிட் தவிர வேறு எதுவாகவும் இருந்ததே இல்லை. இந்தத் தடவை ஆடிட் வேறு மூன்று வாரத்தில் வருவதாக இருந்தது. நான் இதை யோசித்திருக்க வேண்டும். பதினெட்டு வருடமாக அந்த மனப்பாட வகுப்புக்குப் பக்கத்து அறையில் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொள்கிறவள்தானே நான்.

நாலாவது லைன் சூப்பர்வைசர் அக்தர் பானுவை உனக்குத் தெரியும். நீ வேனில் வந்த அன்றைக்கு, "டாக்டரம்மா, எங்க பொண்ணுங்களுக்கு ஒரு நிமிஷம்னா ஒரு ஜோடி" என்று கடிகாரத்தைக் காட்டினாளே, அதே பானுக்கா. என்னைவிட ஆறு வயது பெரியவள். அவள் லைனில் ஈ பறந்தால்கூட டார்கெட் முடித்துவிட்டுத்தான் பறக்கும். மணிக்கு இத்தனை ஜோடி என்று சுண்ணக்கட்டியால் எழுதுகிற பலகையில், அன்றைக்கு ஜோடிக் கணக்குக்குப் பக்கத்தில் ஒரு கோடு போட்டு, 'கருத்து: டார்கெட் 80' என்று எழுதிவிட்டாள். எழுதியதோடு முதல் கருத்தையும் தன் அடையாள அட்டை டோக்கன் நம்பரோடு அவளே போட்டு, "இந்த மாதிரிப் போடுங்கடீ" என்று காட்டிவிட்டாள். சாப்பாட்டு மணி அடித்ததும் லாக்கரிலிருந்து எல்லோரும் போனை எடுத்தார்கள். லைனில் இங்கிலீஷ் நன்றாக வருகிறவள் இரம் என்கிற சின்னப் பெண். பி.காம். படித்துவிட்டுப் போன மாதம்தான் சேர்ந்திருக்கிறாள். அவளை நடுவில் உட்காரவைத்து மாதிரி எழுதச் சொன்னார்களாம்.

இரம் பாவம், கட்டுரையைக் கொஞ்சம் படித்துவிட்டாள்.

"அக்கா, இது ஆடிட் மாதிரி இல்லக்கா. கேன்சர்னு இன்னாவோ போட்டுருக்கு."

"புது மாதிரி கேக்குறாங்கடீ. போன தடவ சம்பளத்துல ஆரம்பிச்சு கக்கூஸ்ல முடிச்சான் இல்ல? இந்தத் தடவ கேன்சர்ல ஆரம்பிக்கிறான்."

"இன்னா எழுதறதுக்கா அப்போ?"

"இல்லன்னு எழுது. எது கேட்டாலும் கெட்டதுன்னா இல்ல, நல்லதுன்னா இருக்கு. இதுக்கு எதுக்கு பி.காம்?"

அப்படித்தான், எப்சி, கருப்பைவாய்ப் புற்றுநோய் பற்றிய உன் நான்கு வருட உழைப்புக்குக் கீழே, 'குடிநீர் வசதி உள்ளது. அவசர வழி பூட்டப்படுவதில்லை. ஓவர்டைம் எங்கள் சொந்த விருப்பம்' என்று டோக்கன் நம்பரோடு கருத்துகள் வரிசையாக இறங்க ஆரம்பித்தன. நாலாவது லைன் எண்பதைத் தாண்டிவிட்டது என்று கேள்விப்பட்டு ஆறாவது லைன் ரோஷப்பட்டது. இரண்டாவது லைன் இரமின் மாதிரியை அப்படியே நகல் எடுத்து, அதில் நாலாவது லைன் என்று இருப்பதை மாற்றக்கூட இல்லாமல் போட்டது. 'எங்கள் கம்பெனியில் கேன்சர் இல்லை. இருந்தால் மேனேஜ்மென்ட் உடனடி நடவடிக்கை எடுக்கும்' என்று ஒருத்தி. 'குழந்தைத் தொழிலாளர் யாரும் இந்தக் கட்டுரையில் வேலை செய்யவில்லை' என்று இன்னொருத்தி. ஒருத்தி உன் பெயரைப் பார்த்துவிட்டு, 'டாக்டர் எப்சிபா எங்களிடம் மரியாதையாகப் பேசுகிறார், கை நீட்டுவதில்லை' என்று சான்றிதழே கொடுத்துவிட்டாள்.

ஆடிட் வேலைகளைப் பார்க்கிற காஷிஃப் சார் மூன்று மணிக்கு என் அறைக்கு ஓடி வந்தார். "மேடம், சர்ப்ரைஸ் ஆடிட்டாமே? எனக்குத்தான் மெயில் வரலியா?" என்றார். நான் விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் இரண்டு பேரைப் பிடித்து எல்லாக் கழிவறையும் கழுவ அனுப்பிவிட்டார். முதலுதவிப் பெட்டியில் பழுப்பேறிய பஞ்சை மாற்றினார்கள். இரண்டு நாள் எங்கள் கழிவறையில் சோப்பு இருந்தது. உன் ஆராய்ச்சியால் மனித குலத்துக்குக் கிடைத்த முதல் நேரடிப் பலன் அதுதான் என்று நினைக்கிறேன், படிவத்தில் இடமிருந்தால் எழுதிக்கொள்.

இத்தனைக்கும் பிறகு சாயங்காலம் வளையத்தைப் பார்த்தால் அதே 2. எனக்கு ஒன்றும் புரியவில்லை. இன்பராஜுக்குப் போன் போட்டேன். "அக்கா, வாட்ஸ்அப்புல அனுப்புறது அதுல ஏறாது. அந்தப் பக்கத்துக்குள்ளயே எழுதுறதும் ஏறாது. வெளிய யாராவது பேசணும்" என்றான். நம் வீட்டுக்குள் முந்நூறு பேர் கத்தினால் கணக்கில்லை, தெருவில் ஒருவன் இருமினால் கணக்கு. இது என்ன அளவு என்று அன்றைக்குக் கோபம் வந்தது. மூன்றாவது நாள் தெருவில் ஒருவர் இருமிவிட்டார். ஏதோ ஒரு வெளிநாட்டுப் பேராசிரியர் அந்தக் கருத்துகளைப் படம் பிடித்து, 'என் முப்பது வருட வாழ்க்கையில் எந்த ஆய்வுக்கும் இவ்வளவு திருப்தியான வாசகர்களைப் பார்த்ததில்லை. இதில் அவசர வழிகூடத் திறந்திருக்கிறது' என்று போட, அதை நாலாயிரம் பேர் பரப்ப, வளையம் 2 என்பதிலிருந்து 90 ஆகி, 300 ஆகி, போன வெள்ளிக்கிழமை 640 ஆனது. இந்த மாதம் அந்தப் பத்திரிகையிலேயே அதிகம் கவனிக்கப்பட்ட கட்டுரை உன்னுடையதுதான் என்று உனக்கு வாழ்த்து வந்ததும், உங்கள் துறைத் தலைவர் பூங்கொத்து சொல்லியனுப்பியதும், பிறகு யாரோ அவரிடம் கருத்துகளைப் படித்துக் காட்டியதும், பூங்கொத்து பாதி வழியில் திரும்பியதும் இன்பராஜ் சொல்லித் தெரியும். அன்றைக்கு ஏழு மணிக்கு என் எண்ணைத் தடுத்தாய். ஏழே காலுக்கு இன்பராஜ் சொன்னான். நான் சாப்பிடவில்லை என்று எழுதினால் நம்ப மாட்டாய், அதனால் சாப்பிட்டேன் என்றே எழுதுகிறேன், கம்மியாக.

மறுநாள் சனிக்கிழமை அரை நாள் வேலை. என்ன பாழ் பண்ணியிருக்கிறேன் என்று முழுவதும் பார்த்துவிடலாம் என்று அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அந்தப் பக்கத்தைத் திறந்து முதல் கருத்திலிருந்து படிக்க ஆரம்பித்தேன். தண்ணீர் நல்லா இருக்கு, வழி திறந்திருக்கு, தண்ணீர் நல்லா இருக்கு. பாதிக்கு மேல் கண் மங்கி, ஜெபமாலை உருட்டுகிற மாதிரி விரல் தானாகத் தள்ளிக்கொண்டே போனது. இருநூற்று ஏழாவதில் நின்றது. டோக்கன் நம்பர் இல்லை. பெயர் எழுதுகிற இடத்தில் 'ஒருத்தி' என்று மட்டும் இருந்தது. தமிழில் மூன்று வரி.

'மாசம் வர்றது நின்னு மூணு வருஷம் ஆச்சு. இப்போ ரெண்டு மாசமா மறுபடி ரத்தம் போவுது. இதை எந்தக் கட்டத்துல எழுதணும்?'

அதற்குப் பிறகுதான், எப்சி, உன் கட்டுரையை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும், அகராதியை வைத்துக்கொண்டு படித்தேன். வளையத்தில் நான் ஏறியிருக்க மாட்டேன், ஆனால் படித்தேன். வேன் பரிசோதனை என்பது எந்தத் தொந்தரவும் இல்லாதவர்களுக்கு, இப்படி ரத்தம் போகிறவள் வேனுக்காகக் காத்திருக்காமல் நேரே டாக்டரிடம் போக வேண்டும் என்று நீ எழுதியிருக்கிற இடத்தைக் கண்டுபிடித்தேன். அதைத் தமிழில் எழுதி, 'பயப்படாதீங்க, நான் வெல்ஃபேர் மேடம் ஷர்மிளா, நானே கூட வர்றேன், யாருக்கும் தெரியாது' என்று அவளுக்குக் கீழே பதில் போட்டேன். உன்னுடைய மூன்றாவது அட்டவணையையும் பார்த்தேன். வராததற்கு நேரமில்லை என்றவர்கள், வெட்கம் என்றவர்கள், வீட்டில் கேட்க வேண்டும் என்றவர்கள், எனக்கு ஒன்றுமில்லையே என்றவர்கள் எல்லோருக்கும் கீழே, 'வேறு காரணம்: ஒருவர்' என்று இருக்கிறது. பரிசோதிக்கிற டாக்டர் தம்பி பொண்டாட்டி என்பதால் வர மறுத்த அந்த ஒருவர் யார் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதை வெளியில் சொல்லாமல் அட்டவணைக்குள் அடக்கிவைத்ததற்கு நன்றி.

திங்கட்கிழமை அவளிடமிருந்து பதில் வந்திருந்தது. 'சொன்னா இன்னா ஆவும்?' நான் எழுதினேன். செவ்வாய்க்கிழமை, 'யோசிக்கிறேன்' என்று ஒரே வார்த்தை. அதற்குப் பிறகு இன்றைக்கு வரைக்கும் ஒன்றும் இல்லை. இந்தப் பக்கத்தைத் தவிர எனக்கும் அவளுக்கும் நடுவில் வேறு வழி கிடையாது. அவளைத் தேடாமலும் இல்லை. பானுக்காவைத்தான் துணைக்கு வைத்துக்கொண்டேன், வினை ஆரம்பித்தது அவளிடம் என்பதால். நாற்பத்தெட்டு வயதுக்கு மேலே உள்ளவர்கள் பட்டியலை எடுத்து, ஒவ்வொருத்தியாகக் கூப்பிட்டு, சுகமா, வீட்டில் எல்லோரும் சுகமா என்று சுற்றி வளைத்துக் கேட்டோம். எல்லோரும் சுகம். பானுக்கா நேற்றோடு சலித்துவிட்டாள். "பேஜாரு மேடம் இது. இருந்தா அவளே வருவா. டார்கெட் கெட்டுப்போவுது, விடுங்க" என்கிறாள். அவளுக்கு எப்போதும் ஜோடிக் கணக்குதான். மனுஷி உடம்பில் ரத்தம் ஓடுகிறதா, பெவிகால் ஓடுகிறதா என்று எனக்குச் சில சமயம் சந்தேகம் வரும். எல்லோர் வாயையும் 'ஓகே' போட்டுத் தைத்தவளே அவள்தான் என்று நேற்று அவள் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டேன். எழுந்து போய்விட்டாள்.

ஆகவே ஆசிரியரிடம் கேள். மீதி முந்நூற்றுப் பதினோரு பேரும் நலம், அவர்களை இன்றைக்கே அழித்தாலும் சரி. இந்த ஒருத்தியை மட்டும் ஒரு வாரம் விட்டுவைக்கட்டும். நானே மன்னிப்புக் கடிதம் எழுதித் தருகிறேன், இங்கிலீஷில், இரமை வைத்து இல்லாமல்.

அம்மா உனக்கு ஆசீர்வாதம் சொன்னார்கள், எலுமிச்சை ஊறுகாயும் கொடுத்தனுப்பியிருக்கிறார்கள். நீ செய்கிற காரியம் எல்லாம் வாய்க்கட்டும், உன் வேன் ஓடட்டும், உன் கோபம் ஊறுகாய் தீருவதற்குள் தீரட்டும்.

என்றும் உன் நலம் விரும்புகிற (விரும்பியதால்தான் இத்தனையும்),
ஷர்மிளா.

பின்குறிப்பு: வெள்ளி, மாலை ஐந்தே முக்கால். மேலே கேட்டதை எல்லாம் மறந்துவிடு. ஷிப்ட் முடிந்து பானுக்கா என் அறைக்கு வந்தாள். மேஜை மேல் கடிதத்தைப் பார்த்துவிட்டு, "டாக்டரம்மாவுக்கா? என்னப் பத்தி இன்னா போட்டுக் குடுத்திருக்கீங்க, படிங்க" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். தப்பிக்க முடியவில்லை, படித்தேன். பலகை வந்த இடத்தில் சிரித்தாள். சோப்பு வந்த இடத்தில் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். பெவிகால் வரிக்கு, "இது ஜாஸ்தி மேடம்" என்றாள். முடித்ததும் மேஜை மேல் கிடந்த பேனாவை என் பக்கம் தள்ளினாள்.

"வேற பேப்பர் இருக்கா மேடம்? அந்தப் பொம்பள கெடச்சிட்டான்னு எழுதுங்க."

"யாருக்கா? எந்த லைன்?"

"டோக்கன் 2031."

அது அவளுடைய டோக்கன். முதல் கருத்தில், தண்ணீர் நல்லா இருக்கு என்பதற்குப் பக்கத்தில் இருக்கிற நம்பர்.

"ஏன்க்கா என்கிட்ட சொல்லல? நாலு நாளா என்கூட உக்காந்து தேடுனீங்களே!"

"எப்படி சொல்றது? எம்பது பொண்ணுங்ககிட்ட எல்லாம் ஓகேன்னு எழுதுங்கடீன்னு சொன்னவ நான். நானே போய் ஓகே இல்லன்னு நின்னா? அதுக்குதான் பேர் இல்லாம போட்டேன். நீங்க பதில் போட்டுக்கினே இருந்தீங்க. அதப் படிக்கறப்ப நல்லா இருந்துச்சு, அதான் ரெண்டு நாள் இழுத்துட்டேன்."

நான் எழுந்து போய் அவள் கையைப் பிடித்தேன். அவள் கையை விடுவித்துக்கொள்ளாமலே, "நீங்க வேன்ல போனீங்களா மேடம்?" என்றாள். பதினெட்டு வருட சர்வீஸில் என்னை யாரும் திருப்பிக் கேட்டதில்லை. நான் இல்லை என்று தலையாட்டியதும், "அப்ப நீங்களும் வாங்க. தனியா நான் போவ மாட்டேன்" என்றாள்.

எனவே ஆசிரியர் திங்கட்கிழமை தாராளமாக அழிக்கட்டும். முந்நூற்றுப் பதினோரு பேரும் நலம் என்று எழுதியதையும் நம்பாதே. அதில் பானுக்காவின் ஓகேயும் ஒன்று. மற்றவர்களை இனிமேல்தான் கேட்க வேண்டும், காஷிஃப் சார் இல்லாத நேரமாகப் பார்த்து. வேலூரில் உங்கள் ஆஸ்பத்திரியில் யாரைப் பார்க்க வேண்டும், எந்த வாசல் வழியாகப் போக வேண்டும் என்று இன்பராஜிடம் எழுதிக் கொடுத்தனுப்பு, பெண் டாக்டராக, நம் சொந்தக்காரர் அல்லாதவராக. திங்கட்கிழமைக்கு நான் லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். பானுக்கா பதினோரு வருடத்தில் முதல் லீவு எழுதியிருக்கிறாள். காரணம் என்ற இடத்தில் முதலில் 'சொந்த வேலை' என்று போட்டு, அதை அடித்துவிட்டு, 'உடம்பு சரியில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். எட்டு மணி பஸ். ஜன்னல் சீட்டு அவளுக்குத்தான் வேண்டுமாம்.